காம்போதிக் காப்பி

"இதுல காம்போதி இல்ல" என்று டம்ளரைக் கீழே வைத்தாள் பெரியநாயகி.

"காம்போதின்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது. போன வாரம் இருந்துச்சு, இப்ப இல்ல. அவ்ளோதான்."

பெண்டாட்டி கீழே வைத்த டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார் கொளஞ்சியப்பன். கள்ளக்குறிச்சியில் காப்பித்தூள் கடை வைத்திருந்த அவர், கல்வராயன் மலைக் கொட்டையை வறுத்து 'தஞ்சாவூர் சங்கீதக் கலவை' என்று போர்டு மாட்டியிருந்தார். வறுக்கும் டிரம்முக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரில் நாதஸ்வரம் காம்போதி ராகம் பாடும். கொட்டை அதைக் கேட்டுக்கொண்டே வறுபட வேண்டும். மனுஷன் இதைச் சத்தியமாக நம்பினார்.

முதல் தடவை வறுத்த அன்று அரவை மெஷினின் மோட்டார் புகைந்துவிட்டது. தெருமுனை மாவு மில்லில் அரைத்து வந்தார். திருவிழாவுக்கு வாசிக்க வந்த தஞ்சாவூர் நாதஸ்வர வித்வானுக்கு அந்தத் தூளில்தான் காப்பி கலந்து கொடுத்தார்.

வித்வான் கண்ணை மூடிக்கொண்டார். "காம்போதிய்யா இது! குடிச்சதும் வயிறு லேசாயிட்டுது, மூச்சு நீளமா நிக்குது. வெள்ளிக்கிழமை வர்றேன். இதே காப்பி குடுங்க, உங்க கடை வாசல்ல உக்காந்து ஒரு மணி நேரம் வாசிக்கிறேன்."

ஊர் முழுக்கச் சொல்லிப் பந்தலும் போட்டாயிற்று. விடிந்தால் வெள்ளி. பழைய தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. மோட்டாரைச் சரிசெய்து அரைத்த புதுத் தூளுக்குத்தான் பெரியநாயகியின் இந்தத் தீர்ப்பு.

"கொட்டைக்குப் பாட்டு சரியா கேக்கல" என்று முடிவுகட்டி, டேப் ரெக்கார்டரை டிரம்மோடு ஒட்டி வைத்தார். சூட்டில் நாடா இளகி, காம்போதி எருமைக் குரலில் இழுத்து நின்றது.

"நேர்லயே வாசிச்சா?" என்று உள்ளூர் நாதஸ்வரக்காரர் ராஜாங்கத்தைக் கூட்டி வந்தார். புகையில் இருமி இருமி அவர் வாசிக்க, கொளஞ்சியப்பன் தலையாட்டி ரசித்ததில் கொட்டை கரியாகிவிட்டது.

ராஜாங்கம் ஒரு வாய் குடித்தார். "அண்ணே, இது முகாரிங்க."

கடைசி மூட்டை. ஒழுங்காக வறுத்து மெஷினில் போட்டால், மோட்டார் மறுபடியும் புகைந்தது. அழாத குறையாக மாவு மில்லுக்கு ஓடினார்.

அங்கே வரிசையில் அவருக்கு முன்னால் அதே தெருவிலிருக்கும் குஞ்சம்மாள் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி விலகினாள்.

"நீங்க மொதல்ல அரைச்சுக்கோங்கண்ணா. போன வாரம் எங்க மாட்டுக்கு வயிறு உப்பிக்கினு, சுக்கும் ஓமமும் அரைச்சுக்கினு போனேன். மெஷின்ல ஒட்டிக்கினு இருந்த மாட்டு மருந்து பூரா ஒங்க காப்பித்தூள்ல பூடுச்சேன்னு அன்னிலேர்ந்து எனக்கு மனசே ஆறல!"