சோடியத்தின் கோட்டுப் பட்டன்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம். செய்வதைச் செய்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்த உங்கள் நலத்துக்கும் குறைவிருக்காது.

உங்கள் தங்கை கண்ணை மூடிய மூன்றாம் மாதம் எனக்கு ஆறுதல் சொல்ல வந்து நான்கு நாள் தங்கினீர்கள். நான் கேட்டேனா? சரி, வந்தீர்கள். வந்த தையல்காரர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா? ஹால் சுவரில் ஒரு நீலத் துணி, அதில் பதினெட்டுப் பட்டன். ஒவ்வொன்றும் ஒரு தனிமம். அணுவின் அளவை வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட அவள் கையால் தைத்தது. நான் லேபிலிருந்து திரும்பினால் நீங்கள் கத்தரிக்கோலோடு நிற்கிறீர்கள்.

"மாப்ள, தங்கச்சி ஏதோ அவசரத்துல தச்சிருக்கா. பெருசு முன்னாடி, சிறுசு பின்னாடி. நான் வரிசையா மாத்திட்டேன்."

வரிசையாம். இருபது வருஷமா பட்டன் டப்பா அடுக்குறவருக்குச் சின்னதுல ஆரம்பிச்சுப் பெருசுல முடிக்கத்தான் தெரியும். அணு உங்க கடை டப்பா இல்ல மச்சான். தனிம அட்டவணையில இடமிருந்து வலமா போகப் போக, நடுவுல இருக்கிற கருவுக்கு ஒவ்வொரு புரோட்டானா கூடும். புதுசா வர்ற எலக்ட்ரானும் அதே கூட்டுலதான் நெருக்கியடிச்சு உட்காரணும். இழுப்பு ஜாஸ்தி, அணு சுருங்கிடும். "ஆள் கூடினா எப்படி மாப்ள சுருங்கும்?"னு கேட்டீங்க. நீங்க தங்கின நாலு நாளும் என்னைப் பார்த்தீங்கல்ல, அப்படித்தான். மேலிருந்து கீழ வந்தா வரிசைக்கு ஒரு கூடு கூடும், அதனால பெருக்கும். அதுக்குத்தான் சோடியத்துக்குக் கோட்டுப் பட்டன், அதுக்கு மேல லித்தியத்துக்கு அதைவிடச் சிறுசு, வலது கோடியில ஆர்கானுக்குக் கைக்குழந்தை சட்டைப் பட்டன். நீங்க அதைத் தலைகீழாக்கி, இஸ்திரியும் போட்டு மாட்டிட்டுப் போயிட்டீங்க.

பட்டன் போகட்டும், கடையில கிடைக்கும். நூல்? கத்தரிக்கோலைத் தொட்டா அண்ணன் திட்டுவான்னு சின்ன வயசுலயே நூலைப் பல்லால கடிச்சு அறுத்துப் பழகினவ அவ. அந்த நூல் எங்கன்னு கேட்டா, "சுத்தமா இருக்கு பாருங்க மாப்ள"ங்கறீங்க. எந்தக் குப்பையில போட்டீங்களோ.

இனி என் வீட்டுப் பொருள் எதையும் நீங்கள் தொட வேண்டாம். ஆறுதலும் வேண்டாம்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் கத்தரிக்கோலுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி அவ தையல் பெட்டியைத் திறந்தேன். உள்ள ஒரு தீப்பெட்டி. மேல உங்க கோழிக்கிறுக்கல்: "தங்கச்சி நூல். எறிய மனசு வரல." எண்ணினேன், பதினெட்டும் இருக்கு. நீங்க தச்ச பட்டனையெல்லாம் பிரிச்சு வெச்சிருக்கேன். ஊசியில நூல் கோக்கக்கூட எனக்கு வரல. ஞாயித்துக்கிழமை வாங்க மச்சான். எது எங்கன்னு நான் சொல்றேன், நீங்க தைங்க. கத்தரிக்கோல் வேண்டாம். பல்லால அறுத்துக்கலாம்.