ஜெர்மன் சபாபதியின் கொள்ளுப்பேரன்

தனியாக இருப்பவனுக்கு யாரைப் பார்த்தாலும் சொந்தக்காரர் சாயல் தெரியும். எனக்கு ஒரு ஜெர்மன் குடும்பமே தெரிந்தது.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில், போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசிய காலம். மொன்றியல் டவுன்டவுனில் ஒரு கணினி நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிய வாயைத் திங்கட்கிழமைதான் திறப்பேன். இடையில் டெப்பனரில் (மூலைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர்) பால் வாங்கும்போது ஒரு ‘பொன்ஜூர்’, ஒரு ‘மெர்சி’. அந்த மெர்சிக்காகவே தேவையில்லாமல் பால் வாங்கிய ஞாயிறுகள் உண்டு.

ஒரு நாள் நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். ஜெர்மனியிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய யோஹான் என்பவரின் வாரிசுகள் மொன்றியல் புறநகரான கர்க்லாண்டில் கூடுகிறார்கள். அவருடைய தம்பி இந்தியாவுக்குக் கப்பலேறினார், பிறகு தகவலே இல்லை, தெரிந்தவர்கள் வரலாம் என்று எழுதியிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாயவரத்தில் எங்கள் வீட்டுக்கு ‘ஜெர்மன்காரர் வீடு’ என்று பெயர். கொள்ளுத்தாத்தா ஜெர்மன் சபாபதி. ஏன் ஜெர்மன் என்று நான் கேட்டதில்லை. ஆனால் வீட்டில் எனக்கு மட்டும் பூனைக்கண். பக்கத்திலேயே தரங்கம்பாடி, கப்பல் வந்த ஊர். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? (ஜெர்மன்காரனுக்குச் சபாபதி என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்காதீர்கள். மதம் மாறியிருப்பார் என்று வைத்துக்கொண்டேன்.)

மேல்மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் குணம் அண்ணை ஒரு நாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“தம்பி, உமக்கு விசரே? கண்ணாடியில முகத்தைப் பார்த்தனீரோ?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். “சரி, போறதெண்டா வெறுங்கையோட போகாதையும்.”

ஞாயிறு காலை புளியோதரைப் பாத்திரத்தோடு மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்காரி கெர்டா, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. சாப்பாட்டு மேசை முழுக்க வம்சாவளிப் படத்தை விரித்து வைத்திருந்தார். யோஹானின் தம்பியைப் பல வருஷமாகத் தேடுகிறாராம். நான் இன்னார் என்றதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எட்டு மாதத்தில் என்னைத் தொட்ட முதல் மனுஷி. அந்தக் கணத்தில் நான் ஜெர்மன்காரன்தான், யார் மறுத்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். தம்பியின் பெயருக்குக் கீழே கோடு இழுத்து, பென்சிலால் என் பெயரை எழுதினார். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். (அப்போது ஏப்ரல் மாதம்.)

“கப்பல் பெயர் தெரிந்தால் போதும். உன் அம்மாவைக் கேட்போமே?”

என் போன் கார்டு எண்களை நானே அழுத்தினேன். எல்லோரும் கேட்கட்டும் என்று கெர்டா ஸ்பீக்கரில் போட்டார். இருபது பேர் தட்டும் கையுமாகச் சுற்றி நின்றார்கள்.

“அம்மா, கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு?”

“கப்பலா? அவரு கும்பகோணம் தாண்டிப் போனதில்லடா.”

“அப்ப ஜெர்மன்னு ஏன் பேரு?”

“ஜெர்மன் சில்வர் பாத்திரக் கடை வச்சிருந்தாருடா! ஏன், யாரு கேக்குறா?”

சொன்னேன். வேறு வழியில்லை. உடனே அம்மா, “ஏய், எல்லாரும் இங்க ஓடியாங்க! இவன் வெள்ளைக்காரன் வீட்டுக்குப் பங்காளியாப் போயிருக்கான்!” என்று கூவினாள். அப்பாவும் அக்காவும் அத்தானும் சிரித்த சிரிப்பு கர்க்லாண்ட் வீடு முழுக்கக் கேட்டது. அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மற்றதை நான் மொழிபெயர்த்தேன்.

கெர்டா மெதுவாக, “ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாதே” என்றார்.

“ஜெர்மனும் கிடையாது” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், கெர்டாவைத் தவிர. ரப்பரை எடுத்து, தாள் கசங்காமல், என் பெயரை எழுத்து எழுத்தாக அழித்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நாற்பது நிமிஷம் நின்றபோது அழுகை வந்துவிட்டது. மானம் போனது போகட்டும், எனக்கு அந்தக் கிறிஸ்துமஸ் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து ஊரில் நான் ‘ஜெர்மன் மாமா’. கல்யாணமோ காதுகுத்தோ, இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காமல் பந்தி முடிவதில்லையாம். (நான் எதற்கும் போனதில்லை. அக்கா போனில் சொல்வாள்.) நான் இங்கே வந்த பிறகு பிறந்தவள் அக்காவின் சின்ன மகள். என்னை நேரில் பார்த்ததே இல்லை. போன வாரம் அவள் போனை வாங்கிக் கேட்டாள்: “மாமா, ஜெர்மனியில இப்ப பனி கொட்டுதா?”

ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

“கொட்டுதும்மா” என்றேன்.