ராசுகோண்டியின் போன்

ஒட்டுக்கேட்கும் போலீஸ்காரருக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டுப் பெண்டாட்டியிடம் பேச ஆரம்பிக்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திருச்சானூர் ஆண்கள் ஹாஸ்டலில் என் எதிர் அறையில் இருந்தார்.

நகரிக்காரர். ஷேர் ஆட்டோ ஓட்டினார். தன் போனைப் போலீஸ் கேட்கிறது என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. யார் கூப்பிட்டாலும் முதலில், "கேட்டுக்கினு இருக்கிற சாருக்கு நமஸ்காரம். ராசுகோண்டி!" என்பார். தெலுங்கில் 'எழுதிக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். அதுவே அவர் பெயராகிவிட்டது.

வீட்டு விஷயமெல்லாம் சங்கேத பாஷைதான். "பெரியவர் போய்ட்டாரு" என்றால் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, புக் பண்ணணும். ஒருநாள் அவர் வீட்டம்மா இதைக் கைதவறிக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பிவிட்டார். சித்தூரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். வாசலில் இட்லி துன்னுக்கினு இருந்த மாமனார், "இன்னா விசேஷம்?" என்று கேட்டு மாலையை வாங்கிக்கொண்டாராம்.

டிவியில் ஒட்டுக்கேட்பு விவகாரம் ஓடிய வாரம், ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில் பெரிய சண்டை.

"தப்பு பண்ணாதவனுக்கு இன்னா பயம்? போலீஸ் கேட்டாத்தானே திருடன் மாட்டுவான்?" என்றேன் நான். பத்துப் பேர் என் கட்சி.

"திருடன் போனை கோர்ட்ல உத்தரவு வாங்கிக் கேக்கட்டும் சார். எல்லார் போனும் இன்னாத்துக்கு?" என்றார் ராசுகோண்டி. "சரி, பயமில்லாதவங்க இப்ப வர்ற போனை ஸ்பீக்கர்ல போடுங்க பார்க்கலாம்."

அந்நேரம் பார்த்து என் போன் அடித்தது. மனைவி. ரசம் சொட்டும் கையோடு மொட்டை மாடிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது என் கட்சியில் ஒருத்தரும் இல்லை. நானும்தான்.

அடுத்த மாதம் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. சித்தூரில் டெஸ்ட் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். சனிக்கிழமை மதியம் மனைவியிடமிருந்து போன் வந்தது. அறைக்குள் சிக்னல் கிடையாது. வராந்தாவில் பத்துப் பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எடுக்கத் தைரியமில்லாமல் நின்றேன்.

ராசுகோண்டி என் முகத்தைப் பார்த்தார். "டேய், கீழ யாரோ மலையிலேர்ந்து வந்து லட்டு குடுத்துக்கினு இருக்காங்கடா!" என்று கத்தினார். வராந்தா காலி. அவர் மட்டும் படிக்கட்டு முனையில் எனக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார்.

"சாதாரணக் கட்டிதானாம், பயப்படாதீங்க" என்றாள் மனைவி. நான் சத்தம் போட்டு அழுதேன்.

லட்டு கிடைக்காத பத்துப் பேரும் திட்டிக்கொண்டே மேலே ஏறி வந்தார்கள். அவர் வழிவிடவில்லை. காதில் விரல் இருந்ததால் ஒரு திட்டும் அவருக்குக் கேட்கவுமில்லை.

பக்கத்தில் போய் அந்த விரல்களை நானே எடுத்துவிட்டேன். என்ன சேதி என்று அவர் கேட்கவில்லை. அவரிடம்தான் முதலில் சொன்னேன்.