காற்று வாங்கப் போன சபை

வாதத்துறை அமைச்சர் தாண்டவராயர் குன்றின் படிகளில் தலைதெறிக்க மேலே ஓடினார். கீழத்தெரு வீட்டிலிருந்து கிளம்பும்போது, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மரகதம் கூப்பிட்டதைக்கூட அவர் காதில் வாங்கவில்லை. காற்று வரவில்லை என்று மன்னர் போன வாரம்தான் சபையைக் குன்றின் உச்சிக்கு மாற்றியிருந்தார். அங்கே ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். முடிப்பதற்குள் அவளைப் பற்றிக் கெட்டதாக எதையாவது சொல்லியாக வேண்டும். வெண்ணிநாட்டின் சட்டம் அப்படி: சேதியை ஆராயும் முன் சொன்ன ஆளை ஆராய வேண்டும். ஆள் தேறாவிட்டால் சேதியும் தேறாது.

"ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கு மகாராஜா! கையே உள்ளே போகுது!" என்று கத்தினாள் கீழத்தெருப் பேச்சாயி.

"இவள் மாமியாரோடு தினம் சண்டை போடுபவள்!" வாசலிலிருந்தே முழங்கினார் தாண்டவராயர்.

"நான் சண்டை போடலேன்னா விரிசல் மூடிக்குமாய்யா?"

சபை சிரித்தது. மனு தள்ளுபடி.

அடுத்து வந்த கரைக்காவலன் குடிகாரன். தள்ளுபடி. கையோடு ஓர் ஆணை பிறந்தது: கீழத்தெருக்காரர் கரையைப் பற்றிப் பேசக் கூடாது, அதில் அவர்களுக்குச் சுயநலம். சரியென்று மேலத்தெரு வைத்தியர் வந்தார். "உம்ம வீடா முழுகப் போகிறது? உமக்கென்ன அக்கறை?" என்று அவரையும் மடக்கினார் அமைச்சர். சம்பந்தமில்லாதவரும் பேசக் கூடாது என்று இன்னோர் ஆணை. பறையடித்து ஊரை எச்சரிக்கப் போனவரை, இரண்டு பெண்டாட்டிக்காரர் என்று சொல்லிச் சிறையில் தள்ளினார்கள். அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடையைச் சரிசெய்தபடி திரும்பியவர் கண்ணில், கீழே ஏரி பட்டது. கரையிலிருந்து பழுப்பாக நீர் பீச்சியடித்தது.

"மன்னா! கரை உடையுது! மணியடிக்கச் சொல்லுங்க, சனம் மேட்டுக்கு ஏறட்டும்!"

மன்னர் வீரவாகு தாம்பூலத்தை மென்றபடி பிரதானியைப் பார்த்தார். "சொல்வது யார்?"

"பிறரை ஏசியே பிழைப்பவர், மன்னா. அதிலும் கீழத்தெருக்காரர்."

"ஐயோ, என் மக இருக்காய்யா அங்கே!"

"பார்த்தீர்களா, சுயநலம்."

"தள்ளுபடி" என்றார் மன்னர்.

தாண்டவராயர் குறுக்குவழியாகக் கீழே இறங்க மண்டபத்தின் பின்பக்கம் பாய்ந்தார். அங்கே அரண்மனை யானைகள் கரும்பு தின்றுகொண்டிருந்தன. மகாராணியின் ஊஞ்சல்கூட வந்திருந்தது. பாகன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"உங்க வீட்டு ஆளுங்களை இன்னும் ஏத்தலையாய்யா? கரையிலே விரிசலைப் பார்த்துட்டுத்தானே மன்னர் போன வாரமே சபையை இங்கே மாத்தினாரு!"