அடைக்கல மாதா கூரைக்கு ஏலம் போன சேவல்

சேசு மரி சூசை

விவேக் நகர்,
பெங்களூர்.

மரியாதைக்குரிய மச்சான் தைரியநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பிரிஜெட்டின் கணவன் ஞானாதிக்கம் பணிவோடு எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் இங்கே சுகம். நீங்களும், வீட்டில் எல்லோரும், கோவிலை இடிக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் சம்பந்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவீர்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

சம்மனசுப்பட்டி அடைக்கல மாதா கோவில் கூரை ஒழுகுவதும், பூசை வைக்கும் சாமியாருக்குக் கோயில்பிள்ளை குடை பிடிப்பதும் ஊரறிந்த விஷயம். இந்த மாதக் கடைசிக்குள் பெங்களூரில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் பணம் அனுப்பினால் ரிப்பேர், இல்லாவிட்டால் இடித்துவிட்டு கான்கிரீட் என்று ஊர்த்தலைவர் என்ற முறையில் நீங்கள் கூட்டத்தில் அறிவித்தீர்கள். நூற்றைம்பது வருஷத்துச் சுண்ணாம்புச் சுவரை இடிக்கப் போகும் கான்ட்ராக்டர் உங்கள் சம்பந்தியாகவே அமைந்தது முழுக்க முழுக்க தேவசித்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்கள் தங்கைக்குத்தான் விசுவாசம் போதவில்லை. “அந்தக் கோவில் போச்சுன்னா அண்ணன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்” என்று சொன்னவள், அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. அவள் சாப்பிடாத வீட்டில் எனக்கும் ரசம் மட்டும்தான். அதனால்தான் இந்த வயதில் கூரை நிதிக்குப் பெங்களூர் கிளைப் பொருளாளர் ஆனேன்.

நம்ம ஊர்த் திருவிழாவில் சேவல் ஏலம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏலம் எடுத்தவன் அங்கேயே பணத்தை வைத்துவிட்டு, “மாதாவுக்கே இருக்கட்டும்” என்று சேவலைத் திருப்பிக் கொடுப்பான். அதையே மறுபடி ஏலம் விடுவோம். ஒரே சேவல் பத்துப் பேரிடம் பணம் வாங்கிக் கொடுக்கும். அதே மாதிரி நீலசந்திராவில் ஒரு ஹால் பிடித்து, டவுனில் எல்லா ஃபங்ஷனுக்கும் மைக் பிடிக்கிற டெஸ்மண்டைக் கூப்பிட்டு ஏலம் விட்டேன். நம்ம ஊர்ப் பிள்ளைகள், அவர்களோடு வேலை செய்கிறவர்கள், கோவிலுக்கே போகாதவர்கள் என்று அத்தனை கூட்டம். கேட்டார்கள் பாருங்கள் ஏலம்! ஒருத்தன் சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொருத்தன் ஏத்துறான். எடுத்தவன் சேவலைத் தலைக்குமேல் தூக்கி செல்ஃபி எடுக்கிறான், திருப்பிக் கொடுக்கிறான், ஹாலே கைதட்டுது. பணம் அப்புறம் வாங்கிக்கலாம், இவ்வளவு பக்தியுள்ள பிள்ளைகள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். கூரை என்ன, கோபுரத்துக்கே தேறும் என்று பிரிஜெட்டுக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொல்லி, அன்று ராத்திரி மீன் குழம்பும் சாப்பிட்டேன்.

மறுநாள் வசூலுக்குக் கிளம்பினேன். முதலில் அடுகோடியில் நம்ம ஊர் ராஜேஷ்குமார். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம், டீ எல்லாம் கொடுத்தான். “என்ன அங்கிள், நான்தான் சேவலை ரிட்டர்ன் பண்ணிட்டேனே? ரிட்டர்ன் பண்ணின பொருளுக்கு யாராவது பணம் கட்டுவாங்களா?” என்றான். கிண்டல் பண்ணுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை, பாவம், நிஜமாகவே கேட்கிறான். சட்டை வாங்கி, போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்று அனுப்பி வளர்ந்த பிள்ளைகள் மச்சான், எல்லாரிடமும் ஒரே பதில்தான். ஒரு பெண் இன்னும் ஒரு படி மேலே போய், “ரீஃபண்ட் ஏதாவது வரணுமா அங்கிள்?” என்று கேட்டது. சரி, கடைசியாக எடுத்தவன் திருப்பித் தரவில்லையே, அவனைப் பிடிப்போம் என்றால், அது மைக் பிடித்த டெஸ்மண்டே. கூட்டத்துக்குச் சூடு ஏத்த சும்மா கேட்டானாம்! சேவலை என் வீட்டில் “ரெண்டு நாள் மட்டும்” என்று விட்டுப் போனவன், இன்றுவரை போனை எடுக்கவில்லை.

ஆக, கூரை நிதியில் இருப்பது இந்தச் சேவல்தான். பால்கனியில் நிற்கிறது, விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பிக்கிறது. மாடியில் ஆராவமுதன் என்று ஒருவர், மூன்று தலைமுறையாகப் பெங்களூர், அரசாங்கத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், எங்கள் பில்டிங் அசோசியேஷன் செக்ரட்டரி. வெங்காயமே சேர்க்காத மனுஷன் தலைமாட்டுக்குக் கீழே சேவல் கூவினால் எப்படி இருக்கும்? “ஏன்ரீ இது, வீடா சந்தையா?” என்று பாதிக் கன்னடத்தில் கத்திக்கொண்டு வந்து நின்றார். கோவில் கூரைக் கதையைச் சொல்லி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார் என்றேன். “அட்ஜஸ்ட் பண்ணிப் பண்ணியே இந்த ஊர்ல என் ஆயுசு போயிடுத்து” என்றார். தினம் ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறார். ஒரு வாயில்லா ஜீவன் மேல் இத்தனை வன்மம் வைக்கிற கல்நெஞ்சக்காரரை நான் பார்த்ததில்லை. அடித்துக் குழம்பு வைத்துவிடலாம் என்றால், “மாதாவுக்கு விட்டதில் கை வைப்பீங்களா?” என்று பிரிஜெட் கரண்டியைத் தூக்குகிறாள்.

எனவே மச்சான், இதையே என் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளுங்கள். பணமும் வராது, பக்தியும் வராது. தாராளமாக இடியுங்கள். சம்பந்தி கையால் வழவழவென்று டைல்ஸ் போட்டுக் கட்டுங்கள், மாதா வழுக்கி விழாமல் இருந்தால் சரி. உங்கள் தங்கையிடம் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் தோத்திரம், சிறியவர்களுக்கு ஆசீர், உங்களுக்கு மாதா நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தந்து காப்பாளாக.

இப்படிக்கு,
ஞானாதிக்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஆராவமுதன் இறங்கி வந்தார். கையில் ஒரு எஸ்டிமேட். சேவல் சத்தம் கேட்காமல் இருக்க வீடு முழுக்கக் கண்ணாடி ஜன்னல் மாற்ற விலை கேட்டிருக்கிறார். “உங்க கோவில் கூரைக்கு என்ன ஆகும்?” என்றார். சொன்னேன். “ஜன்னலைவிட உங்க கூரை மலிவாத்தானே இருக்கு!” என்று அங்கேயே நின்று போனில் முழுப் பணத்தையும் போட்டுவிட்டார். கோவிலுக்குக் கொடுப்பவர்களில் இப்படிக் கலப்படமில்லாத மனசோடு கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. ரெண்டே நிபந்தனை. சேவல் இன்றைக்கே பில்டிங்கை விட்டுப் போக வேண்டும். அவர் பணத்தில் ஒரு உயிர் போகக்கூடாது என்பதால், அது சாகும்வரை கோவில் வளாகத்திலேயே இருக்க வேண்டும். மாதா பெயரால் சத்தியம் செய்துகொடுத்துவிட்டேன். பிரிஜெட் அவர் காலில் விழப்போய், அவர் பதறி, ஒரே அழுகை. இப்போது கூடையில் சேவலோடு பஸ் ஏறுகிறாள், இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது. ராஜினாமாவைக் கிழித்துப் போடுங்கள், சம்பந்திக்குச் சொல்லிவிடுங்கள். கோவிலுக்கு அடுத்த வீடு உங்களுடையதுதானே மச்சான், இனி நாலு மணிக்கு எழுந்திருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.