ஐயா வீட்டுக்குப் போகாத வான்கோழி

வடக்குக்கோட்டகம்,
முத்துப்பேட்டை வழி.
26-12-1967

மிகுந்த மதிப்புக்குரிய மாமா அடைக்கலராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் விண்ணரசி பணிவுடன் எழுதிக்கொண்டது. நேற்றுப் பிறந்த பாலன் இயேசுவின் ஆசீரால் இங்கே அப்பா, அம்மா, நான், உழவு மாடு இரண்டு, எல்லோரும் சுகம். குன்னூர் பங்களாவில் நீங்களும் அத்தையும், உங்கள் சமையலைச் சாப்பிடும் துரை வீட்டாரும் அதேபோல் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் கொடுத்த வான்கோழி மட்டும் சுகமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்பு நீங்கள் கூடையில் மூன்று வான்கோழிக் குஞ்சு கொண்டுவந்து, "துரைங்க சாப்பிடுறத நாமளும் சாப்பிடுவோம்க்கா, கிறிஸ்மஸுக்கு ஒண்ணா அறுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவரை ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அப்பா நம் குத்தகை நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரியநாயகசாமி ஐயா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு சேவல். உங்கள் வான்கோழி கொல்லையில் சிறகை விரித்து நின்றதை ஐயாவின் காரியஸ்தர் மருதையன் ஒருநாள் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், அந்த வருஷத்திலிருந்து சேவல் போய் வான்கோழி என்றாகிவிட்டது. அப்பா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்பில் போவார், அது அவர் காதைக் கொத்திக்கொண்டே போகும். இரண்டு கிறிஸ்மஸ், இரண்டு வான்கோழி. ஐயா வீட்டில் ருசி தெரியும், நம் வீட்டில் இறகு தெரியும்.

இந்த வருஷம் ஆட்சி மாறியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கழகம் வந்ததிலிருந்து டீக்கடையில் எல்லோருடைய குரலும் ஏறியிருக்கிறது, அரிசி விலைதான் இறங்கக் காணோம். போன மாதம் விவசாயிகள் சங்கம் கூட்டம் போட்டு, சாகுபடிக்காரர்கள் யாரும் இனிமேல் பண்ணை வீடுகளுக்குக் கோழி, வாழைத்தார், பூசணிக்காய் என்று எதையும் சும்மா கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். எழுதியது நான். ஊரில் ஒரே பி.ஏ. என்று கூப்பிட்டார்கள். எழுதியதோடு விடாமல் வாசிக்கவும் சொன்னார்கள். நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "அவ்வளவு படிச்ச புள்ள, வாயத் தொறந்து படிம்மா" என்றார்கள். திறந்தேன், சத்தம் வரவில்லை. ஆனாலும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அப்பாவும் கை தூக்கினார். பக்கத்திலிருந்தவர் தூக்கியதால் தன் கையும் கூடப் போய்விட்டது என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

நேற்றுப் பூசை முடிந்து வந்ததும் அப்பா கையில் கயிற்றோடு கொல்லை முழுவதும் தேடினார். "தீர்மானம் ஊரோடது, நெலம் ஐயாவோடது, குடுக்காம இருக்க முடியுமா?" என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டு வைக்கோல் போரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்காமலே, "தேடாதீங்க. நேத்தே பக்கீர் முகம்மது பாய்கிட்டக் குடுத்து அறுத்தாச்சு. உள்ள தேக்சாவுல இருக்கு" என்றாள். அப்பா கயிற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏன்டி, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?" "கேட்டா வேணாம்பீங்க. அதான் கேக்கல." அடுத்த வீட்டுப் பாயிடம் ஏன் கொடுத்தாள் என்றால், அவ்வளவு பெரிய கழுத்தைப் பிடிக்க நம் வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. அவர் பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுத்தார். நம் சட்டியில் அடங்காது என்று அவர் வீட்டு ஜன்னத் பீவி அம்மா பெரிய தேக்சாவும் கொடுத்தார். நீங்கள் சொன்னபடி முழுசாகச் சுட வழியில்லை மாமா, நம் அடுப்பைவிடப் பறவை பெரிது. துண்டு போட்டுக் குழம்புதான் வைத்தோம். நெஞ்சுக்கறியை அம்மா அப்பாவின் இலையில் வைத்தாள். அப்பா முதல் வாய்க்குப் பயந்தார், இரண்டாவது வாயில் பயத்தை மறந்தார். மூன்றாவது வாயில், "இத்தன வருஷம் இதையா தூக்கிக்கிட்டுப் போயிக் குடுத்தேன்?" என்றார். எங்களுக்கு நேற்றுதான் உண்மையான கிறிஸ்மஸ்.

இன்று காலையில் மிச்சம் பார்த்தால், குழம்பில் போடாமல் மஞ்சள் தடவி வைத்த கழுத்து, முதுகு, எலும்பில் ஒட்டிய கறி. வீட்டில் அரிசி இல்லை, நொய்தான் இருந்தது. அம்மா, "படிச்சு முடிச்சு எட்டு மாசமாச்சு, ஒரு கஞ்சியாச்சும் வச்சுப் பழகு" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டாள். இது ரமலான் மாதம் அல்லவா, ஜன்னத் பீவி அம்மா தினமும் நோன்புக்கஞ்சி வைப்பார். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லச் சொல்ல, நான் இந்தப் பக்கம் செய்தேன். பட்டை கிராம்பு தாளித்து, வெங்காயம் வதக்கி, இஞ்சி பூண்டு விழுது போட்டு, எலும்போடு கறியைக் கொதிக்கவிட்டு, நொய்யும் கொஞ்சம் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்டுக் குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டினேன். அவர் வாசனையை வைத்தே, "பூண்டு வேகல, இன்னும் ரெண்டு கொதி விடு", "புதினாவக் கிள்ளிப் போடு" என்று சொன்னார். ஒரு கரண்டி மொண்டு வேலிமேல் நீட்டி, "உப்பு எவ்வளவு போடணும்னு பாத்துச் சொல்லுங்க பீவிம்மா" என்றேன். "அடி இவளே, நோன்பு வச்சிருக்கறவகிட்ட நாக்குல வைக்கச் சொல்றியே! நீயே பாத்துப் போடு. நோன்பு தொறக்கறப்ப எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை" என்றார். அந்த நேரத்தில் வாய்க்கால் பக்கமிருந்து கார் ஹாரன் கேட்டது. அம்மா, "ஐயா காருடி!" என்று ஓடி வந்தாள்.

கார் நம் வீடுவரை வரவில்லை. மழையில் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் சேற்றில் பாதி இறங்கிவிட்டது. ஐயா குடைக்குக் கீழே, மருதையன் குடைக்கு வெளியே, இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். அப்பாவுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. "கார இந்தா தூக்கிடுறேங்க" என்று சொல்லி, ஐயாவின் முகத்தைப் பார்க்காமலே இரண்டு மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் நானும் அம்மாவும். அம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஆக, நான்.

ஐயா நம் வீட்டிலிருக்கும் ஒரே நாற்காலியில், நான் பட்டமளிப்பில் கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்துக்குக் கீழே உட்கார்ந்தார். "தஞ்சாவூர்லேருந்து விருந்தாளி வந்திருந்தாங்க. வான்கோழி வருது, வான்கோழி வருதுன்னு ரெண்டு மணி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசியில வாத்து போட்டேன். எனக்கு எப்புடி இருந்திருக்கும்?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "சங்கம் சொன்னா சங்கமே நெலம் குடுக்கட்டும். அறுவடை ஆனதும் வயல ஒப்படைச்சிரச் சொல்லு ஒங்கப்பன்கிட்ட. வேற ஆளு பாத்துட்டேன்." சம்பா பால் பிடித்து நிற்கிறது. அந்த வயல் போனால் நமக்கு இந்தக் கோட்டகத்தில் நிற்க ஒரு வரப்புகூடக் கிடையாது. பயிரிடுவோர் பாதுகாப்புச் சட்டம் எனக்குத் தெரியும், அப்படி நினைத்தபடி எடுக்க முடியாது என்றும் தெரியும். தொண்டைவரை வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது.

மழையும் வலுத்தது. மருதையன் அடுப்படிப் பக்கம் ஒதுங்கி, அம்மாவிடம் மெதுவாக, "ஐயா காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலம்மா. டாக்டரு உப்பே சேக்கக்கூடாதுன்னுட்டாரு. அதுலேருந்து எதப் போட்டாலும் தட்டத் தள்ளிடுறாரு, அந்தக் கோவமெல்லாம் எங்க தலையில" என்றார். அதற்குள் ஐயாவே, "என்னா வாசன அது?" என்றார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "கஞ்சிங்க ஐயா, நொய்க்கஞ்சி. உங்களுக்குப் போயி எப்புடிங்க அத..." என்று இழுத்தாள். "மழ விடுற மாதிரி தெரியல. ஊத்தச் சொல்லு" என்றார் ஐயா.

நான் வைத்த முதல் கஞ்சியை ஊர் மிராசுதாருக்கு ஊற்றினேன். அவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்காமலே முழுசும் குடித்துவிட்டு, "இன்னங் கொஞ்சம்" என்றார். மருதையனும் ஒரு வாய் குடித்தார், ஐயாவின் முகத்தைப் பார்த்தார், தன் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு மீதியைக் குடித்தார். மரியாதை என்று நினைத்தேன். மூன்றாவது தடவை ஊற்றும்போது ஐயா ஒரு துண்டுக் கறியை எடுத்துப் பார்த்து, "இது என்னா கறி? கோழின்னா இவ்வளவு நாரு இருக்காதே" என்றார். கதவு இடுக்கில் அம்மா இரண்டு கையையும் வாத்துபோல ஆட்டி ஆட்டிக் காட்டினாள். வாத்து என்று சொல்லியிருக்கலாம், மாமா. நேற்று அப்பா சாப்பிட்ட முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. "வான்கோழிங்க" என்றேன். ஓட்டின் மேல் மழை, அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" "வான்கோழிங்க ஐயா." "சத்தமாத்தான் சொல்லேன்!" இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, "உங்க வீட்டுக்கு வராத வான்கோழி!" என்று கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து மழை விட்டிருந்தது. டீக்கடைவரைக்கும் கேட்டதாம்.

ஐயா கிண்ணத்துக்குள் பார்த்தார். "முழுசும் அறுத்துட்டீங்களா?" "முழுசும்தாங்க." "நெஞ்சுக்கறி எங்க?" "நேத்தே சாப்பிட்டாச்சுங்க." "நெஞ்சுக்கறி எப்பவும் எனக்குல்ல வரும்?" "இந்த வருஷம் எங்கப்பாவுக்கு வந்துச்சுங்க" என்றேன். வாய் ஒருதரம் திறந்துகொண்டதால் அதற்குப் பிறகு மூடத் தெரியவில்லை. "வயலப் பத்திச் சொன்னீங்க. சட்டப்படி அப்புடி எடுக்க முடியாதுங்க. குத்தகை நெல்லு ஒரு மரக்கா கொறையாம அளந்திருக்கோம். மனு எழுதணும்னா நானே எழுதிப் போடுவேன்" என்றும் சொல்லிவிட்டேன். ஐயா மருதையன் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணுக்கு வாயே கெடையாதுன்னியேடா?" என்றார். மருதையன், "நேத்து வரைக்கும் இல்லீங்க" என்றார். ஐயா தலைக்கு மேலே மாட்டியிருந்த என் படத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தை நீட்டி, "ஊத்து" என்றார். ஊற்றினேன்.

கார் ஏறிய செய்தியோடு அப்பா சேறும் சகதியுமாக வந்தபோது ஐயா கிளம்பிக்கொண்டிருந்தார். "கஞ்சி நல்லாருந்துச்சுய்யா" என்றார். வயலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்ததையெல்லாம் கேட்டு அப்பா முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு யோசித்து, "நம்ம வீட்டு உப்பத் தின்னுட்டுப் போயிருக்காரு. உப்பத் தின்ன வீட்டு வயலுல கை வைக்கிற ஆளில்ல அவரு" என்றார். அப்பா இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மா அடுப்படியில் தேக்சாவைக் கழுவிக்கொண்டே மாதா பாட்டுப் பாடுகிறாள். எனக்கும் பெருமையாக இருக்கிறது, மாமா, மறைக்கவில்லை. என் படிப்பு சாதிக்காததை என் கஞ்சி சாதித்துவிட்டது. துரை வீட்டில் நீங்கள் எத்தனையோ வான்கோழி சுட்டிருப்பீர்கள், ஒன்றாவது ஒரு வயலைக் காப்பாற்றியிருக்குமா?

அத்தைக்கு என் அன்பு. துரை வீட்டு அடுப்பு உங்கள் கையைச் சுடாமலும் குன்னூர்க் குளிர் உங்கள் மூட்டைப் பிடிக்காமலும் இருக்க இன்றைய செபமாலையில் உங்களுக்காகப் பத்து மணி கூட உருட்டிச் செபிக்கிறோம்.

உங்கள் பிரியமுள்ள மருமகள்,
வி. விண்ணரசி, பி.ஏ.

பி.கு. கடிதத்தை ஒட்டப் போகும்போது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. எடுத்துவைத்த கிண்ணத்தை ஜன்னத் பீவி அம்மாவிடம் கொடுத்தேன். நோன்பு திறந்து ஒரு வாய் குடித்தவர், வேலிக்கு மேலாகவே, "ஏன்டி பி.ஏ., இதுல ஒரு கல்லு உப்புகூட இல்லியேடி!" என்றார். ஹாரன் சத்தத்தில் உப்பையே மறந்துபோயிருக்கிறேன். அப்பா எழுந்து நின்று, "அப்ப அவரு நம்ம உப்பத் திங்கவே இல்லியா?" என்றார். அந்த நேரத்தில் மருதையன் கையில் தூக்குவாளியோடு வாசலில் நிற்கிறார். இத்தனை மாதத்தில் உப்பில்லாமல் ஐயாவின் தொண்டையில் இறங்கியது இது ஒன்றுதானாம். ராத்திரிக்கும் வேண்டுமாம். இனிமேல் வான்கோழி கொண்டுவர வேண்டாம், கிறிஸ்மஸுக்கு ஒரு வாளி, ஈஸ்டருக்கு ஒரு வாளி இந்தக் கஞ்சியே போதுமாம். நீங்கள் சேவலை வான்கோழி ஆக்கினீர்கள், நான் வருஷத்துக்கு ஒன்றை இரண்டாக்கிவிட்டேன். அப்பா "சரிங்க" என்று வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, "வாளியில குடுத்தனுப்ப மாட்டோம். வேணும்னா ஐயாவ வந்து சாப்பிடச் சொல்லுங்க. அடுத்த தடவ உப்புப் போட்டுத்தான் ஊத்துவேன்" என்றேன். மருதையன் காலி வாளியோடு போகிறார். நான் மனு எழுதக் காகிதம் எடுத்து வைத்துவிட்டேன். மறுபடி குஞ்சு கொண்டுவருவதாக இருந்தால், மாமா, கூடையைத் துணி போட்டு மூடிக் கொண்டுவாருங்கள்.