கானாவுக்காகக் கவலைப்படுகிறவர்

மூட்டைப்பூச்சி, காக்கை, கிளி ஜோசியர் என்று சிராங்கூன் சாலைப் பக்கம் நிரந்தரமாகக் குடியிருக்கும் இனங்களை நீங்கள் அறிவீர்கள். இன்னோர் இனம் இருக்கிறது. அதைப் பெரிய மனிதர்கள் பட்டியலில் சேர்த்து வைத்திருப்பதால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தூர தேசத்து ஏழைகளுக்காக உருகுகிறவர் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

எந்தத் தேசம் என்பது முக்கியமா? இல்லவே இல்லை. தேசம் தூரத்தில் இருக்க வேண்டும், ஏழைகள் லட்சக் கணக்கில் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர்கூட நேரில் வந்து எதையும் கேட்கக் கூடாது. இந்த மூன்று தகுதியும் பொருந்தியதால் ஐம்பத்தேழாம் வருஷம் சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து எங்கள் ஃபேரர் பார்க் வட்டாரத்துக்குக் கானா வாய்த்தது. அறுபத்தைந்தில் கோக்கோ விலை சரிந்து அந்த நாடு திண்டாடியபோது, இங்கே இவர்களுக்கு யோகம் அடித்துவிட்டது. திடீரென்று தனி நாடாகிவிட்ட நம்முடைய சொந்த ஊரே பிழைக்குமா என்று எல்லாரும் நகம் கடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. அதைப் பற்றி இவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை.

பசுபதியை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கப்பல் கம்பெனி அலுவலகம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டையும், சட்டைப் பையில் இரண்டு பேனாவும், கக்கத்தில் ஆறு வாரம் கடலில் மிதந்து வந்த லண்டன் பத்திரிகையுமாக மாலை ஐந்து மணிக்கு ஜலாலுதீனின் ஒட்டுக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாரென்றால், கோக்கோவில் தொடங்கி, அணைக்கட்டில் ஏறி, தலா வருமானத்தில் இறங்கி, "ஐயோ பாவம், அந்தச் சனம்!" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற வரைக்கும் யாரும் எழுந்து போக முடியாது. போனால் மனிதாபிமானம் இல்லாதவன் என்று அர்த்தம்.

"ஜலாலுதீன், உமக்குத் தெரியுமோ? கோக்கோ பயிரிடுறவன் சாக்லெட்டை ருசி பார்த்ததில்லை!"

"நாந்தான் பார்த்ததில்லண்ணே. கோப்பி ஆறுது, குடிங்க லா."

அவர் காதில் அது விழவில்லை. ஜலாலுதீன் கானாவைப் போல அறுபத்தேழு லட்சம் பேர் இல்லையே, ஒருத்தன்தானே.

எங்கள் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, 'கானாவின் பொருளாதாரமும் வறுமை நிலையும்' என்று அவர் பேச ஏற்பாடாயிற்று. கூட்டத்துக்கு அரை மணி முன்னால் வந்து, காகிதங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். நாற்காலி போட்டு முடித்த ரத்தினம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். எட்டு வருஷமாக அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான்.

"ஐயா, உதவிப் பணத்துக்கு மனு போட்ருக்கேன். நாங்க இல்லாதவங்கன்னு, எங்களத் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம். நாளைக்கே குடுத்தாவணும். இல்லன்னா பெரிய புள்ளைய ஸ்கூல்லேருந்து நிறுத்தி வீட்டு வேலைக்கு அனுப்பிச்சிருவேன்யா, வேற வழி இல்ல."

பசுபதி படிவத்தை வாங்கினார். பேனாவைக்கூடத் திறந்தார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"காதில கிடக்கிறது என்ன பிள்ளை?"

"கவரிங்குங்கய்யா."

"வீட்டில ரேடியோ கிடக்குதோ?"

"பக்கத்து வீட்டு ரெடிஃபியூஷன் பெட்டி பாடுற சத்தந்தான் கேக்கும்."

"அது நீ சொல்லுறது. நான் நேரில விசாரிக்காமல் என்னெண்டு கையெழுத்துப் போடுறது? கையெழுத்து எண்டால் பொறுப்பு."

"இப்பவே வந்து பாத்துருங்கய்யா. பின்னாடி ரெண்டாவது சந்துதான்."

"அந்தச் சேத்துக்குள்ளயோ? ஏலாது, ஏலாது. எனக்கு இப்பக் கூட்டம் கிடக்குது."

பேனா மூடிக்கொண்டது. ரத்தினம்மா படிவத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். நான் விசிறி சுற்றுகிறதா என்று கூரையைப் பார்த்தேன். அவள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பேச்சு பிரமாதம். கப்பலேறிக் கானாவைப் பார்க்காதவர், அங்கே ஒருவரையும் நேரில் விசாரிக்காதவர், அறுபத்தேழு லட்சம் பேருடைய வறுமைக்கும் ஒன்றே கால் மணி நேரம் கொஞ்சமும் தயங்காமல் சாட்சி சொன்னார். எந்தக் கானாக்காரி காதில் என்ன போட்டிருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். கானா மக்களுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வந்திருந்த நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று அதில் கையெழுத்துப் போட்டோம். ஒருவர் பேனாவில் மை தீர்ந்துபோனபோது ரத்தினம்மாதான் ஓடிப்போய் மைக்கூடு கொண்டுவந்தாள்.

தீர்மானம் கானாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள். தபாலில் போட்டார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

ரத்தினம்மாவின் மகள் இப்போது காத்தோங்கில் ஒரு பங்களாவில் பாத்திரம் தேய்க்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவள் என் வகுப்பில் படித்தவள். அந்தப் படிவத்தில், பள்ளி ஆசிரியர் கையெழுத்தும் செல்லும் என்று அச்சிட்டிருந்தது. பசுபதி படித்துக்கொண்டிருந்தபோது அவர் தோளுக்கு மேலாக நானும் அதைப் படித்தேன். வெட்கக்கேடுதான். ஆனால் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதே?

உங்களுக்கு ரத்தம் கொதிக்கிறது, இல்லையா? ரத்தினம்மாவை நினைத்தால் நெஞ்சு உருகுகிறது. பசுபதியையும் என்னையும் கண்டித்து ஒரு கூட்டம் போட்டால் என்ன என்றுகூடத் தோன்றும். தாராளமாகப் போடுங்கள், தீர்மானத்தை நானே எழுதித் தருகிறேன். முதல் கையெழுத்து உங்களுடையது.